பெரியப்பாவின் பெயரை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் பெரியப்பா 1960களில் இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது நண்பர்கள் மூவருடன் பங்கு போட்டு வாங்கிய ஒலிம்பியா கிளைடர் (எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் விமானம்) இன்றும் அங்கே பத்திரமாக இருக்கிறது என்பதையும், அதன் உரிமையாளர் வரிசையில் விடுபட்டிருந்த அவர் பெயர் சென்ற மாதம் சேர்க்கப்பட்டுவிட்டது என்பதையும் மிகுந்த மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

1940 ஒலிம்பிக்கில் கிளைடர் பந்தயமும் நடத்த எண்ணி, அனைவரும் ஒரே வகைக் கிளைடரில் போட்டியிட வேண்டும் என்பதற்காக, ஜெர்மனியின் ஹான்ஸ் யாகோப்ஸ் வடிவமைத்த மைஸெ கிளைடரை 1939இல் தேர்ந்தெடுத்தார்கள். போர் மூண்டு ஒலிம்பிக்கே நின்றுபோனது. பின்னர் அந்த வடிவத்தைத் தழுவி, இங்கிலாந்தின் நியூபரி நகரில் மரச்சாமான் செய்துவந்த எலியட்ஸ் நிறுவனம் 1947 முதல் ஏறத்தாழ 150 ஒலிம்பியாக்களைக் கட்டியது. 15 மீட்டர் இறக்கையும் ஒரே இருக்கையும் கொண்ட அந்த மரக் கிளைடரை நாலு பேர் சேர்ந்து வாங்கினால், ஒருவர் ஊர் மாறும்போது அவருடைய பங்கு இன்னொருவர் கைக்குப் போகும். பெரியப்பா பறந்த காலத்தில் பிரிட்டனில் கிளைடர்களை அடையாளம் காட்டியது பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் தந்த எண்தான். அந்த எண்ணை வைத்துப் பங்குதாரர்கள் யார் யார் என்று அறிய முடியாது. இப்போதைய உரிமையாளரின் கோப்பிலும் அந்த ஆண்டுகளுக்கு நேரே 'நால்வர் குழு' என்று மட்டுமே எழுதியிருந்தது.

சிங்கப்பூர் அங் மோ கியோ வீட்டுப் பரணில் பெரியப்பாவின் பறப்புக் குறிப்பேடு கிடைத்தபோது, ஈரப்பதத்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் பிடித்திருந்தன. அவற்றை இழுத்துப் பிரிக்க வேண்டாம் என்று தடுத்து, மை உறிஞ்சும் தாளை இடையில் செருகி நாள்கணக்கில் உலரவைக்கும் முறையைப் பொறுமையாகக் கற்றுத்தந்த நூலகப் பணியாளர் அம்மையாருக்கு என் முதல் நன்றி.

உலர்ந்த ஏட்டில் கிளைடரின் எண் இருந்த மூலை அரித்துப்போயிருந்தது. ஆனால் ஒரு பக்கத்தில், 'விஞ்ச் இழுவை, 7 நிமிடம்' (விஞ்ச் என்பது கிளைடரைக் கம்பியால் இழுத்து மேலேற்றும் தரைப்பொறி) என்ற வரிக்குக் கீழே, தரையிறங்கும்போது வேலியில் இடித்ததால் இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டுப்பலகை மாற்றப்பட்டதாகப் பெரியப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. அதன் பொருளை எனக்கு விளக்கியவர், சிலேத்தார் விமானப்படைத் தளத்தில் இளமையில் வேலை செய்த ஓர் ஐயா. பழைய பலகையின் ஓரத்தையும் புதிய பலகையின் ஓரத்தையும் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டுவார்கள் என்றும், வெளியே வண்ணம் பூசியபின் எதுவும் தெரியாது, உள்ளே மட்டும் இணைப்பு தெரியும் என்றும், தம் நடுங்கும் விரல்களால் இரண்டு அட்டைத் துண்டுகளைப் பொருத்திக் காட்டினார். அந்தப் பிற்பகலை நான் மறக்கமாட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதி, லண்டனில் வாழும் தமிழ் நண்பர் வழியாக உரிமையாளருக்கு அனுப்பினோம். அவரோ, முன்பின் அறியாத எங்களுக்காக, இறக்கையின் சோதனைத் துளைக்குள் சிறு கண்ணாடியையும் விளக்கையும் நுழைத்துப் பார்த்துப் படம் அனுப்பினார். ஏட்டில் குறித்திருந்த அதே இடத்தில், பழுப்பேறிய பலகைக்கு நடுவே வெளிறிய துண்டு ஒன்று தெரிந்தது. படத்தைப் பார்த்ததும் பெரியம்மா எதுவும் பேசாமல் கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

நண்பருக்கும் உரிமையாளருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நால்வரில் இன்னொருவரின் மகளும் இச்செய்தி அறிந்து தம் தந்தையின் படத்தை அனுப்பியிருப்பதால், கோப்பில் இப்போது இரண்டு பெயர்கள் உள்ளன.

குறிப்பேடு அந்தக் கிளைடரோடு இருப்பதே முறை என்று பெரியம்மா விரும்புவதால், தைப்பொங்கலுக்குப் பின் அதை அனுப்பிவைக்கிறோம். அதற்கு முன் பார்க்க விரும்பும் உறவினரும் நண்பர்களும் மாலை வேளைகளில் வீட்டுக்கு வரலாம்.

நன்றியுடன்,
அவருடைய தம்பி மகன்