பாப்பாவும் சாய்சதுரமும்

தம்பி செல்வா,

இங்கே சிங்கப்பூரில், அங் மோ கியோ வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பாப்பாவுக்கு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ நெருங்குகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் வீடியோ காலில் அவளுக்குச் சாய்சதுரக் கணக்கு சொல்லிக்கொடுத்தாயே, "மூலைவிட்டம் கோணத்தைப் பாதியாக்கும், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று. பண்ணிக்கொண்டாள். மறுநாள் ஓர் இணைகரத்தில் இருந்த 70 பாகையையும் கூசாமல் 35, 35 என்று வெட்டிவிட்டாள்! சாதாரண இணைகரத்தில் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்றுதான் பாதியாக்கும், கோணத்தை அல்ல. கோணமானியை வைத்துச் சரிபார்க்கவும் முடியாது. தேர்வுத்தாளில் படம் அளவுப்படி இருப்பதில்லை, உனக்கே தெரியும்.

சாத்தே இறைச்சி செருகும் குச்சிகள் நான்கை ஒரே நீளத்துக்கு நறுக்கி மேசையில் சாய்சதுரமாக வைத்தேன். முனைகளுக்கு வரிசையாக ஏ, பி, சி, டி என்று பெயர். ஏ முனையிலிருந்து சி முனைக்கு ஒரு நூல், அதுதான் மூலைவிட்டம். நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முக்கோணம், அந்தப் பக்கம் ஒன்று. இரண்டிலும் குச்சிகள் சமம், நூல் பொது. அப்படியானால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதானே? ஏ முனையில் நூலின் இருபுறமும் ஒரே கோணம்தான் இருந்தாக வேண்டும். "இணைகரத்துல பக்கத்துப் பக்கத்துக் குச்சி சமமில்லையே, அங்க இது செல்லாது தாத்தா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளேதான்.

அப்புறம் பி முனையிலிருந்து டி முனைக்கு இன்னொரு நூல். ஏ, பி, டி சேர்ந்தால் இருசமபக்க முக்கோணம். அதன் உச்சிக்கோணத்தைப் பாதியாக்கும் கோடு அடிப்பக்கத்தைச் செங்குத்தாகத்தான் வெட்டும். நூல்கள் வெட்டும் இடத்தில் 90 பாகை வந்தது அப்படித்தான்.

ஏ முனையில் 64 பாகை என்று கொடுத்தேன். பாதி 32. நடுவில் 90. மிச்சம் 58, அது பி முனையின் பாதி, முழுதும் 116. சரி என்று விட்டுவிடவில்லை, 64-ம் 116-ம் சேர்ந்து 180 வருகிறதா என்று கூட்டிப் பார்த்த பிறகுதான் தாளை நீட்டினாள். நூல் குச்சியின் நீளமே இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கொஞ்சம் முழித்தாள், பிறகு சமபக்க முக்கோணம் என்று பிடித்து 60, 120 என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது விடையை நீ முந்திச் சொல்லாதே. பட்ட வடிவத்தில் ஒரு மூலைவிட்டம் மட்டும் ஏன் கோணங்களைப் பாதியாக்குகிறது என்று உன்னைக் கேட்கப்போகிறாளாம். யோசித்து வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா