மலருக்கு, பிழை திருத்தம் பற்றி

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய மாதிரித் தேர்வுத் தாளைப் பார்த்தேன். பொருத்துக, பிரித்தெழுதுக எல்லாம் நன்றாகச் செய்திருக்கிறாய். பிழையற்ற தொடரைக் கண்டறியச் சொன்ன இடங்களில்தான் மதிப்பெண் போயிருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் தகுதி பெறத் தேவையான, 150-க்கு 60 மதிப்பெண் எடுப்பது உனக்குப் பெரிய விஷயம் இல்லை. ஆனால் தரவரிசையில் முன்னே வர ஒவ்வொரு கேள்விக்கும் உள்ள ஒன்றரை மதிப்பெண்ணும் வேண்டும். போனில் சொன்னால் நிற்காது என்றுதான் எழுதுகிறேன்.

நீ தொடரை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, காதுக்குச் சரியாகப் படுவதைக் குறிக்கிறாய் என்று நினைக்கிறேன். அச்சகத்தில் புரூஃப் பார்த்த காலமெல்லாம் நான் கண்டது, காது நிறையப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் என்பதைத்தான். பேச்சில் “மாடுங்க வந்துச்சு” என்று சொல்லிப் பழகியதால், “மாடுகள் வந்தது” என்று எழுதியிருந்தாலும் உறுத்துவதில்லை. அதனால் முதலில் வினைமுற்றைப் பிடி. அதற்குரிய எழுவாய் எது என்று தேடு. “மாணவர்களின் கோரிக்கை ஏற்கப்பட்டன” என்பதில் மாணவர்கள் பன்மைதான், ஏற்கப்பட்டதோ ஒரே கோரிக்கை. “ஏற்கப்பட்டது” என்றுதான் வர வேண்டும்.

சந்திக்கு விதிகளை வரிசையாக மனப்பாடம் செய்திருக்கிறாய், நல்லது. ஆனால் விதிக்கு முன்னால் பொருள் தெரிய வேண்டும். “வேலை தேடினான்” என்றால் உத்தியோகம் தேடினான். “வேலைத் தேடினான்” என்றால் கையில் இருந்த வேல் காணாமல் போய்விட்டது. “கீரை கடை” என்பது அடுப்படியில் ஒருவருக்குச் சொல்லும் வேலை, “கீரைக்கடை” சந்தையில் இருப்பது. ஊறுகாயில் ஏன் ஒற்று மிகவில்லை? ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்துக்கும் பொருந்துகிற வினைத்தொகை அது. பொருளைக் கண்டுகொண்டால் விதி தானாக வந்து நிற்கும்.

அடுத்தது, மறுத்துச் சொல்லும் சொல்லும் எழுவாயோடு பொருந்த வேண்டும்: இது என் வீடு அன்று, இவை என் வீடுகள் அல்ல, அவன் திருடன் அல்லன். இன்றைக்குப் பத்திரிகைகளில் எல்லாவற்றுக்கும் “அல்ல” என்றே எழுதுகிறார்கள். அதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வில் மட்டும் பாடப்புத்தகம் சொல்வதையே குறி. “ஒவ்வொரு ஊர்களிலும்” என்று பார்த்தால் “ஒவ்வோர் ஊரிலும்” என்பதைத் தேடு. மரபுச் சொற்களுக்கு மனப்பாடம்தான் வழி: மயில் அகவும், யானை பிளிறும், கூடை முடைவார்கள், பானை வனைவார்கள். பாதியை அப்பத்தா வாயிலேயே கேட்டிருப்பாய்.

அப்புறம், எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. “மனுதாரர் தம் அண்ணனிடம் வாங்கிய நிலத்தை அவருடைய மகனுக்கு எழுதிவைத்தார்.” இதில் எழுவாயும் வினையும் பொருந்துகின்றன, சந்தியும் சரி. ஆனால் யாருடைய மகன்? மனுதாரர் மகனா, அண்ணன் மகனா? “அவள் அழுதுகொண்டே ஓடிய குழந்தையைப் பிடித்தாள்” என்பதும் அப்படித்தான். அழுதது குழந்தை என்றால், “அழுதுகொண்டே ஓடிய குழந்தையை அவள் பிடித்தாள்” என்று இடத்தை மாற்றினால் போதும். நிலம் பற்றிய தொடரில் “அண்ணனின் மகனுக்கே” என்று பெயரைத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும். இந்த வகைக் குழப்பம் தேர்வில் வராமலே போகலாம். நாளைக்கு நீ கிராம நிர்வாக அலுவலராகவோ இளநிலை உதவியாளராகவோ உட்கார்ந்து அறிக்கை எழுதும்போது கட்டாயம் வரும். அந்த ஒரு சொல்லால் ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். அதனால் படிக்கும்போதே, யார், யாருக்கு, யாருடையது என்று கேட்டுப் பழகு.

அடுத்த தாளில் தவறிய தொடர்களை மட்டும் எழுதி அனுப்பு. சரியான விடை வேண்டாம். நீ எதைக் குறித்தாய், ஏன் குறித்தாய் என்று எழுது, அது போதும். எள்ளுப்பொடி தீர்ந்திருந்தால் சொல், அம்மா அரைத்துத் தருகிறேன் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா