பாட்டியின் கட்டிலருகே நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் பாட்டி மறைந்து ஒரு மாதம் ஆகிறது. அவருடைய கடைசி நாள்களில் நேரில் வந்தும், இரவெல்லாம் விழித்திருந்தும், தொலைவிலிருந்து விசாரித்தும் எங்களைத் தாங்கியவர்கள் அனைவருக்கும் தனித்தனியே எழுத இயலாததால், குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

பாட்டி 30 ஆண்டுகளுக்கும் மேலாகச் செவிலியராகப் பணியாற்றியவர். கண்ணாடி ஊசிக்குழல்களைக் கொதிக்கவைத்து, இடுக்கியால் எடுத்துப் பொருத்தி ஊசி போட்ட காலத்தில் பணியில் சேர்ந்தவர், ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே ஓய்வு பெற்றார். பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. எங்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால், பாதரச வெப்பமானியை உதறி, ரசம் 35 டிகிரிக்கு இறங்கிவிட்டதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகே அக்குளில் வைப்பார். பிறகு நாடியைப் பிடித்து, விநாடி முள்ளைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதாதா என்று நான் கேட்டதற்கு, "சீராத் துடிக்குதான்னு பார்க்க வேண்டாமாடா?" என்றார்.

முதல் நன்றி இரவுப் பணிச் செவிலியர்களுக்கு. அசைய முடியாத நோயாளியை ஒரே நிலையில் விட்டால், எலும்பு துருத்தும் இடங்களில் இரத்த ஓட்டம் தடைபட்டுப் படுக்கைப் புண் வந்துவிடும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டியைத் திருப்பிப் படுக்கவைத்தீர்கள். நான் என் அறியாமையில் குதிகாலுக்கு நேர் கீழே தலையணையை வைத்துவிட்டேன். பேச்சு அநேகமாக நின்றுபோயிருந்த பாட்டி அதைக் காலால் தள்ளத் தள்ள, வலியில் உதைக்கிறார் என்றே நினைத்தேன். உங்களில் வயதில் இளையவர்தான் புரிந்துகொண்டு, குதிகால் எதிலும் படாதவாறு தலையணையைக் கெண்டைக்காலுக்கு நகர்த்தினார். அப்போது பாட்டி அவரைப் பார்த்தது, வார்டைச் சுற்றி வரும் மூத்த சிஸ்டரின் பார்வை.

நோயின் நிலையை எங்களிடம் மட்டும் சொல்லாமல், பாட்டியின் அருகே நாற்காலியில் அமர்ந்து அவரிடமே நேராகச் சொன்ன மருத்துவருக்கும், பெயரைக்கூடச் சொல்லாமல் இரத்தம் கொடுத்துச் சென்றவர்களுக்கும் நன்றி. பாட்டியுடன் பயிற்சி பெற்ற தோழியர் இருவர், முழங்கால் வலியோடு மாடியேறி வந்து, விரிப்பின் மூலையைச் சாய்வாக மடித்து இறுக்கிச் செருகிவிட்டே அமர்ந்தனர். அழுகையின் நடுவே நாங்கள் சிரித்தது அன்றுதான். தகவல் தாமதமாகக் கிடைத்தவர்கள் எங்களைப் பொறுத்தருள வேண்டும்.

இரவலாகக் காற்று மெத்தை தந்த குடும்பத்தார், அதைத் தேவைப்படும் வேறொருவருக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். துடைத்து, உலர்த்தி, மோட்டாருடன் கட்டிவைத்திருக்கிறோம். வேண்டுவோர் வந்து எடுத்துச் செல்லலாம். பாட்டியைத் திருப்பிய நேரங்களை நீங்கள் எழுதிவைத்த தாளை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
பேரன்