தொண்ணூத்தொன்பதுக்கு ஒரு போன் போடு

காரைக்குடி
12.1.2025

அன்புள்ள சேது,

இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும் ஆச்சியும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். முழங்கால், சுகர், மருமகள் எல்லாம் போன கடிதத்தில் எழுதிய நிலைமையில்தான் இருக்கின்றன. பிள்ளையார் நோன்பு போன வாரம் முடிந்தது. இந்த வருஷமும், மாவில் திரி வைத்து ஏற்றி விழுங்குகிற அந்த இழையை எடுத்துக்கொள்ள நீ வரவில்லை. உன் பங்கு மாவை யார் விழுங்கினார்கள் என்று கேட்காதே. பொதுவில் இருக்கிற வளவு வீட்டுக்கு ஓடு மாற்றப் பங்குள்ள எல்லாப் புள்ளியும் சம்மதித்துவிட்டது, மலேசியாப் புள்ளி ஒன்றைத் தவிர. அது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம்ம கூட்டாளி தொண்ணூத்தொன்பதுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. நீதான் பேச வேண்டும். நான் சொன்னால் "நீ கணக்கு வாத்தியார், உனக்கு பிசினஸ் ஸ்கூலைப் பத்தி என்ன தெரியும்" என்கிறான். நீ முப்பது வருஷம் கம்பெனிக்கு ஆள் எடுத்தவன். உன் பேச்சுக்கு அவனிடம் இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறது.

அவன் மகன் சொக்கு, ஐஐஎம்களில் எம்பிஏ சேருவதற்கான கேட் (CAT) தேர்வு எழுதினான். நவம்பர் 24ஆம் தேதி, மதுரையில். வேலைக்குப் போய்க்கொண்டே, ராத்திரி ராத்திரியாகப் படித்து எழுதினது. டிசம்பர் 19 ரிசல்ட் வந்தது: 99.72 பர்சென்டைல், அதாவது எழுதினவர்களில் 99.72 சதவீதம் பேர் இவனுக்குப் பின்னால். நான் இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். முகப்பில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்த தகப்பன்காரன் என்ன சொன்னான் தெரியுமா? "மீதி 0.28 எங்கடா போச்சு?"

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்றைக்கு, நூறுக்குத் தொண்ணூத்தொன்பது வாங்கிவிட்டுக் கொப்புடையம்மன் கோயில் வாசலில் நின்ற அதே முகம். நாற்பத்தைந்து வருஷமாகியும் அந்த ஒரு மார்க்கை அவன் விடவில்லை. இப்போது பையன் தலையில் ஏற்றி வைக்கிறான்.

திட்டம் இதுதான். சொக்கு சென்னை வேலையை விட்டுவிட வேண்டும். ஊருக்கு வந்து, இரண்டாங்கட்டில் உட்கார்ந்து, இந்த நவம்பரில் மறுபடி எழுதி நூறு வாங்க வேண்டும். ஏற்கெனவே மூன்று இடங்களிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது, திருச்சி ஐஐஎம் உள்பட. அதற்கெல்லாம் போக வேண்டாமாம். "திருச்சிக்குப் போறதுக்கா இவ்வளவு படிச்சான், பஸ்ஸில ஏறினா ரெண்டு மணி நேரம்" என்கிறான். பக்கத்தில் இருப்பது ஒரு கல்லூரிக்குக் குற்றம் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பித்தளைச் சாமான் அடுக்கியிருந்த அறையைக் காலி பண்ணி ஏசி மாட்டியாச்சு. பெரிய எழுத்தில் 100 என்று அச்சடித்த தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். நம்ம வீட்டுச் சுவர்தான் உனக்குத் தெரியுமே, முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த பூச்சு. செலோடேப் பிடிக்குமா? காலையில் ஒட்டினால் மத்தியானம் நூறு தரையில் கிடக்கிறது. அவன் வீட்டு ஆச்சி அதை எடுத்து எடுத்து மேஜைமேல் வைக்கிறது, ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இனி என் பங்கைக் கேள். அந்த நூறு எதில் வருகிறது என்று தெரிந்தாக வேண்டும் என்று ஒரு சாயங்காலம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024 தேர்வை எழுதினவர்கள் 2.93 லட்சம் பேர். அதில் நூறு வாங்கினதாகச் செய்தியில் வந்தது 14 பேர். அது என்ன 14? பர்சென்டைலை இரண்டு தசமத்தோடு நிறுத்துகிறார்கள். 99.995ஐத் தொட்டுவிட்டால் 100.00 ஆகிவிடும். 2.93 லட்சத்தில் 0.005 சதவீதம் எவ்வளவு? 14.65. அதற்கு முந்தின வருஷம் 2.88 லட்சம் பேர், 14.4 வருகிறது, அப்போதும் 14 பேர்தான். 2022இல் 2.22 லட்சம் பேர், கணக்குப்படி 11.1, வந்தவர்கள் 11 பேர். பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தேன். கூட்டம் எவ்வளவோ அதைப் பொறுத்துத்தான் நூறு வாங்குகிறவர்கள் எண்ணிக்கையே. கேள்வி 68, மார்க் 204. நூறு பர்சென்டைலுக்கு 204ஐயும் வாங்க வேண்டியதில்லை, முன்வரிசையில் நின்றால் போதும். நம் காலத்துக் கணக்குப் பேப்பரில் வாங்குகிற நூறு வேறு, இது வேறு. நம்ம ஆளுக்கு இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது.

சரி, முன்வரிசையில் நின்றால் என்ன லாபம்? லாபமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொக்கு மாதிரி இன்ஜினியர் பையன்கள் கூட்டமாக வந்து மோதுகிற இடம் அது. அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் மார்க் தேவைப்படத்தான் செய்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவதில் சறுக்கினவனுக்கும் கேட் மார்க் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் அதெல்லாம் அழைப்பு வருகிற வரைக்கும். அழைப்புதான் வந்தாச்சே! அகமதாபாத் ஐஐஎம் வெளியிட்டிருக்கும் தேர்வு முறையைப் படித்துப் பார்த்தேன். கடைசிப் பட்டியலில் நேர்முகத்துக்குப் பாதி எடை. கேட்டுக்குக் கால்வாசி. மீதியில் எழுத்துத் தேர்வு ஒன்று, பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து டிகிரி வரை வாங்கின மார்க், வேலை அனுபவம். இவன் என்ன செய்யப் பார்க்கிறான் என்றால், கால்வாசியில் ஒரு துளியைக் கூட்டுவதற்காக, வேலை அனுபவத்தை வெட்டி எறிந்து, நேர்முகத்தில் "போன வருஷம் முழுக்க என்னப்பா செய்தாய்?" என்கிற கேள்வியையும் பையனுக்குச் சம்பாதித்துக் கொடுக்கப் போகிறான். அதற்குச் சொக்கு என்ன பதில் சொல்வான், ஏசி அறையில் இருந்தேன் என்றா?

ஊரில் மாட்டியிருக்கிற கோச்சிங் சென்டர் பேனர்களும் ஒரு காரணம். நூறு வாங்கின பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம், முகத்தைவிட நம்பர் பெரிசு. அதே நூறில் எத்தனை பேர் நினைத்த இடத்தில் சேர்ந்தார்கள் என்று பேனரில் யார் போடுவார்கள்?

இவ்வளவையும் அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வெளிநாட்டு பிசினஸ் ஸ்கூலுக்கு ஜிமேட் எழுதட்டும்" என்றான். அதிலும் விசாரித்து வைத்திருக்கிறான். 2023 நவம்பரிலிருந்து அது புது வடிவம்: 64 கேள்வி, இரண்டேகால் மணி நேரம், 205இல் ஆரம்பித்து 805 வரை மார்க். இவனுக்கு வேண்டியது 805. ஹார்வர்டில் சேருகிறவர்களுக்குப் பழைய 800 கணக்கில் நடுமார்க் 740தான், பாதிப் பேர் அதிலோ அதற்குக் கீழேயோதான் இருக்கிறார்கள், இத்தனைக்குக் கீழே வராதே என்று அவர்கள் கோடும் போடவில்லை என்றேன். காதில் ஏறவில்லை. ஸ்டான்போர்டில் ஒரு கட்டுரை கேட்பார்கள், உனக்கு எது எல்லாவற்றையும்விட முக்கியம், ஏன் என்று. அதையும் சொன்னேன். "மார்க்குன்னு எழுதினாப் போச்சு" என்றான். சிரிக்காமல் சொன்னான்டா, சேது.

எங்க ஐயா பர்மாவில் மோல்மேனுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போன கதையை எடுத்தேன். நீயும் அவனும் சின்ன வயசில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து நூறு தடவை கேட்ட கதைதான். அதே மார்க்காவில், அதாவது அதே கடையில் ஒருத்தர், முந்திரி காணி என்கிற சின்னப் பின்னம்வரை சுத்தமாக வட்டியை மனசிலேயே போட்டுச் சொல்வாராம், கணக்குச் சிட்டையைப் பார்க்க மாட்டாராம். முதலாளி அவரைக் கடைசிவரை கணக்கெழுதவே வைத்திருந்தார். பெட்டியடியில் ஆரம்பித்து, அடுத்தாளாகி, மேலாளாகப் போனது எங்க ஐயா. கணக்கில் சுமார்தான். ஆனால் கடன் கேட்டு வந்தவனின் நெல் வயலை அறுப்புக்கு முந்தி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுப்பார். எத்தனை வருஷம் ஆனாலும் பிசினஸுக்கு ஆள் எடுக்கிறவன் தேடுவது அதைத்தானே? "அது அந்தக் காலம்" என்று எழுந்து போய்விட்டான். போகிற போக்கில், "உங்க ஐயா வாராக்கடன் எவ்வளவு விட்டாருன்னும் சொல்லு" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, உண்மைதான்.

பையனைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் என்னை உறுத்துகிறது. நோன்புக்கு வந்திருந்தபோது அந்த அறையில் அவனை உட்காரவைத்து, நேர்முகம் மாதிரி கேட்டுப் பார்த்தேன். "எம்பிஏ எதுக்குப் படிக்கணும்?" ஒப்புவித்தான். ஆங்கிலம் நல்ல ஆங்கிலம், ஆனால் எவன் சொல்லியிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். சும்மா பேச்சை மாற்றுவோம் என்று, "ஆத்தங்குடி அம்மான் எப்படி இருக்கார், தரைக்கல் வியாபாரம் ஓடுதா?" என்றேன்.

அப்புறம் நான் பேசவே இல்லை. கண்ணாடிமேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றுவதிலிருந்து, தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைக்கிறது வரை அவன் கை தன்னால் ஆடுகிறது. அம்மானுக்குப் பெங்களூர் ஆர்டர் நிறைய வந்ததாம், ஆனால் வழியில் கல் உடைந்து லாபமெல்லாம் போய்விட்டது. எல்லாரும் ரோட்டைத் திட்டினார்கள். இவன் லீவு போட்டுவிட்டு லாரியிலேயே ஏறிப் போயிருக்கிறான், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து. ஒசூர் தாண்டும்வரை ஒன்றும் உடையவில்லை. உடைகிறது இறக்குகிற இடத்தில். அங்கே கூலிக்காரர்கள் கல்லைப் படுக்கவைத்து ஆள் உயரத்துக்கு அடுக்குகிறார்கள், அடியில் இருப்பது நொறுங்குகிறது. வந்தவுடன் சின்னச் சின்ன மரச்சட்டத்தில் கல்லை நிறுத்தி, வைக்கோல் திணித்து, சட்டத்தோடு இறக்குகிற மாதிரி ஏற்பாடு செய்திருக்கிறான். மரச்சட்டத்துக்கு ஆகிற செலவை யார் தலையில் போடுவது என்று அம்மானோடு ஒரு மாதம் சண்டை. கடைசியில் சட்டத்தைத் திருப்பி அனுப்பினால் கழிவு என்று வாங்குகிறவரிடம் பேசி முடித்திருக்கிறான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"இதை நேர்முகத்தில சொல்வியா?" என்றேன். "இதெல்லாம் சொல்லலாமா பெரியப்பச்சி? அப்பச்சி, அம்மான் பட்டறைக்குப் போறதையே வீண் வேலைன்னு சொல்றாக" என்றான்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பச்சி சொன்னா சரி" என்றான். சேது, எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தச் "சரி"தான். சண்டை போட்டிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இந்த மாசக் கடைசிக்குள் ராஜினாமாக் கடிதம் கொடுக்கச் சொல்லியிருக்கிறான். நேர்முகம் பிப்ரவரியில். நடுவில் இருக்கிறது கொஞ்ச நாள்.

அதனால் நீ போன் போடு. மார்க் முக்கியமில்லை என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே, வைத்துவிடுவான். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நீ யாரிடமாவது பர்சென்டைல் கேட்டதுண்டா, அதைச் சொல். மார்க் ஷீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன் என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாயே, அதைச் சொல். அழைப்பு வந்த நேர்முகத்துக்குப் போய்விட்டு வரட்டும், இடம் கிடைக்காவிட்டால் வேலையில் இருந்துகொண்டே மறுபடி எழுதட்டும் என்று பேரம் பேசு. வேலையை விடக் கூடாது என்பதில் மட்டும் இறங்கி வராதே, மற்றதெல்லாம் விட்டுக்கொடு. அவன் உன்னையும் "எழுபத்தி ரெண்டு" என்று கூப்பிடுவான், பொறுத்துக்கொள்.

காலையில் கூப்பிடாதே, பிள்ளையார்பட்டிக்குப் போய்விடுவான். மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, நாலு மணிக்குக் காபி குடித்த பிறகுதான் ஆள் கொஞ்சம் பதமாக இருப்பான். பொங்கலன்று வேண்டாம், அடுத்த நாள் கூப்பிடு.

சொக்குவின் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். அவனிடமும் பேசு. நேர்முகம் எடுக்கிற மாதிரியே குடைந்து குடைந்து கேள். அந்த மரச்சட்டக் கணக்கை நீ கேட்டால் அவனுக்குப் பயம் தெளியும்.

ஓட்டுக்கு உன் பங்குப் பணத்தை மறந்துவிடாதே. மேஸ்திரி தை மாசத்துக்குள் வேலையை ஆரம்பிக்கணும் என்கிறான்.

அன்புடன்,
வள்ளியப்பன்