கிளீனர் பக்கம் இழுக்கும் லாரி

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்தது. டிரைவர் தம்பிக்குக் காலில் தையலோடு போனது என்ற வரியைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. தொப்பூர் இறக்கத்தில் அடிபட்டது என்றாலே எனக்குப் பதறும். இங்கே எல்லாரும் நலம். பெரியவள் ஈரோட்டில் காலேஜ் சேர்ந்துவிட்டாள். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

சரி, வண்டிக்கு வருகிறேன். வளையம் திரும்புவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டியரிங் பாக்ஸை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. அது பெரிய காசு. முன்பக்க இடது சக்கரம் தடுப்புச் சுவரில் மோதியிருக்கிறது. வண்டி கிளீனர் பக்கம், அதாவது இடப்பக்கம், இழுக்கிறது, நேராக ஓடும்போது ஸ்டியரிங் வளையம் வலப்பக்கம் கோணி நிற்கிறது என்கிறாய். எனக்கு முதல் சந்தேகம் ஆக்ஸில் மேல்தான். இடது முனை பின்னால் தள்ளப்பட்டிருந்தால் முன் ஆக்ஸில் முழுவதும் இடப்பக்கம் பார்க்கும். நேராக ஓட்ட டிரைவர் வளையத்தை வலப்பக்கம் பிடித்தே ஆக வேண்டும். இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம்.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்: பிரேக் போடும்போது மட்டும் இழுக்கிறதா, சும்மா உருளும்போதுமா? பிரேக்கில் மட்டும் என்றால் பிரேக்கைப் பார். உருளும்போதும் என்றால், லோடு இல்லாமல் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அள. தூக்குக் குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் குறி போட்டால் போதும். மூன்று நாலு மில்லிமீட்டர் வித்தியாசம் டேப் பிடித்த கையில் வந்ததாகவும் இருக்கும். பத்தைத் தாண்டினால் விடாதே. ஆக்ஸிலையும் ஸ்பிரிங் பட்டைகளையும் சேர்த்துக் கட்டும் இடது யூ போல்ட்டைத் தளர்த்தி, பட்டைகளை நடுவில் கோத்து ஆக்ஸிலை இடத்தில் நிறுத்தும் சென்டர் போல்ட்டைப் பார்க்கச் சொல். அது வெட்டுப்பட்டிருந்தாலும் யூ போல்ட் இறுக்கிப் பிடித்திருப்பதால் வெளியே தெரியாது. அது நன்றாக இருந்தால் ஸ்பிரிங் பிராக்கெட், ஸ்பிரிங் முனையைப் பிடிக்கும் ஷேக்கிள், அப்புறம் சேஸின் மூலைக்கு மூலை அளவு.

திருப்பிய வளையம் தானாக நடுவுக்கு வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, எஞ்சினை அணைத்து, பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான டிராக் லிங்க்கைக் கழற்றிவிடு. சக்கரத்தைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பு. அங்கே இறுக்கம் இருந்தால் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின் அல்லது அதன் பேரிங். சக்கரம் லேசாக வந்து வளையம் மட்டும் இறுகினால்தான் பாக்ஸ் மேலும், வளையத்தின் தண்டான ஸ்டியரிங் காலம் மேலும் சந்தேகம். இரண்டுமே லேசாக இருந்தால் ஆக்ஸில் முறுக்கியிருக்கலாம். கிங் பின்னின் சாய்வுதான் சக்கரத்தை நேருக்குக் கொண்டுவருவது; முறுக்கினால் அது கெட்டுவிடும். பாக்ஸ் உள்ளிருந்து சக்கரப் பக்கம் வெளியே வரும் தண்டான செக்டர் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது இறுக்கம் நடுவை விட்டு ஒரு பக்கம் தள்ளி வரும், நேராக வைக்கும் இடத்தில் ஆட்டம் இருக்கும். அது தெரிந்தால் பாக்ஸை மாற்று, நானே சொல்வேன்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இரு. வளைந்த டை ராடையோ (இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) டிராக் லிங்க்கையோ காஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தவே விடாதே. சூடு பட்டதும் இரும்பின் பதம் போய்விடும், லோடோடு போகும்போது ஒடியும். புதுசு வாங்கு. டிராக் லிங்க் மாட்டும் கையான ஸ்டியரிங் ஆர்மில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று சாயம் தடவிப் பார்க்கச் சொல்.

அதேபோல, ஆக்ஸிலைச் சரிசெய்யும் முன் அலைன்மென்ட் செய்ய ஒத்துக்கொள்ளாதே. டிராக் லிங்க்கைத் திருகி வளையத்தை மட்டும் நேராக்கிக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், டயரைத் தின்றுகொண்டே ஓடும். எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்று), வளையத்தின் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. லோடு வண்டிக்கு அவ்வளவை நான் விடமாட்டேன்.

கழற்றிய பழைய பாகங்களைப் பட்டறையிலேயே வைத்திரு, இன்ஷூரன்ஸ் சர்வேயர் திரும்பவும் பார்க்கக் கேட்பார். இரண்டு பக்க அளவும் எடுத்ததும் எனக்குச் சொல். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, வேண்டுமானால் நானே வந்துவிடுகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். டிரைவர் தம்பியைத் தையல் பிரிக்கும் வரை வண்டியில் ஏற்றாதே.

உன் மச்சான்,
நாமக்கல்