மலைக்கும், சபைக்கும், ஆத்தூரிலிருந்து வந்த ஒருத்திக்கும் நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், ஏற்காட்டு மலையில் இருக்கிற எங்கள் ஊராருக்கும், ஜெபத்தில் தாங்கின எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

என் கணவர் வாத்தியார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளறையில் தூங்குகிறார். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை முதலிலிருந்து எழுத எனக்குத் தெம்பில்லை, அவசியமும் இல்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல். நாலு நாள் போகட்டும், மனசு அடங்கட்டும் என்று மகன் சொன்னான். அடங்குவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்று எனக்கு இருக்கிறது.

அந்த மழையில் மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தொட்டிலாக்கி, காப்பிக் காட்டு ஒற்றையடிப் பாதையில் தார் ரோடு வரை அவரைத் தூக்கி வந்த தம்பிகளே, உங்கள் தோள் காய்ப்பை நான் பார்த்தேன். முன்னால் டார்ச் பிடித்து ஓடி வந்தவன் வாத்தியாரிடம் கணக்கு படிக்கிற எட்டாம் வகுப்புப் பையன். ஏற்காட்டிலிருந்து இறங்குகிற இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு குலுக்கல் இல்லாமல் ஜீப்பை இறக்கின எஸ்டேட் டிரைவர் அண்ணன், அடிவாரத்தில் காத்திருந்த 108 ஊழியர்கள், இரத்தம் கொடுத்த பிள்ளைகள், டாக்டர்கள், ஓய்வுபெற்ற நர்ஸான என்னை 'சீனியர்' என்று கூப்பிட்டுத் தைரியம் சொன்ன நர்ஸ் பிள்ளைகள், முறை வைத்து உபவாசமிருந்த மகளிர் ஐக்கிய சங்கத்தார், நள்ளிரவில் வந்து எண்ணெய் பூசி ஜெபித்த ஆயர் ஐயா, செலவுக் கணக்கை என் கண்ணிலேயே காட்டாத என் மகன், வாத்தியாருடைய மகள், மாப்பிள்ளை எல்லோரையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. மலையில் ஒரு பாட்டி சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லி அனுப்பினார். அவர் அறிந்த வழியில் எங்களுக்காக மன்றாடியிருக்கிறார். அந்த அன்பைக் கர்த்தர் அறிவார். நானும் மறக்க மாட்டேன்.

இனி ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன். மற்றவர்கள் வருத்தப்பட மாட்டீர்கள் என்று தெரியும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், அதனால் போடவில்லை. வாத்தியாரின் கொழுந்தியா, காலஞ்சென்ற அவருடைய மனைவியின் கூடப்பிறந்த தங்கை. ஆத்தூரில் இருக்கிறாள்.

எங்கள் கலியாணத்துக்கு அவள் வரவில்லை. சபையில் மூன்று ஞாயிறு கலியாண அறிவிப்பு ஓலை வாசித்தபோது ஆளுக்கொன்று பேசினார்கள். அறுபதுக்கு மேல் எதற்கு என்றார்கள். மறுமணம் பண்ணினால் முதல் கணவர் வழியில் வருகிற குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகுமே என்று சிலர் எனக்காகக் கவலைப்பட்டார்கள். நின்றுதான் போனது. நான் வேலை பார்த்துச் சம்பாதித்த பென்ஷன் இருக்கிறது, மலையில் இரண்டு பேருக்கு அது தாராளம். இதெல்லாம் என்னைத் தொடவில்லை. ஆத்தூரிலிருந்து வந்த ஒரு போன்தான் தொட்டது. சண்டை போடவில்லை அவள். "பரலோகத்துல எங்கக்கா மாமா பக்கத்துல நிக்கிறப்ப, நீங்க எங்க நிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதாள். சதுசேயர் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டார்கள். உயிர்த்தெழுந்த பிறகு கலியாணம் என்பது இல்லை என்று இயேசு சொன்ன பதில் மத்தேயு 22ல் இருக்கிறது, எனக்கு மனப்பாடம். ஆனால் அழுகிறவளிடம் வசனத்தை எடுத்து நீட்ட மனம் வரவில்லை. "எனக்கும் ஒருத்தர் அங்க இருக்காரும்மா" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

அவள்தான் வந்தாள். விடியற்காலை, ஆத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து. ஐ.சி.யூ. இருக்கிற மாடியில் உட்கார இடமில்லாமல் நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கையில் தூக்குப்போசி, தோளில் ஒரு துணிப்பை. எப்படி இருக்கிறார் என்றுகூட என்னிடம் கேட்கவில்லை. கீழேயே நர்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறியிருக்கிறாள். "மொதல்ல சாப்புடுங்க" என்று மூடியைத் திறந்தாள். அரிசிம்பருப்பு சாதம், நெய் ஊற்றினது, ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எனக்கு மேல்படியில் வந்து உட்கார்ந்து, என் தோளைப் பிடித்தாள்.

"இப்பிடித் திரும்புங்கக்கா. தலை என்ன கோலத்துல இருக்குது."

மழையில் நனைந்த முடியை அப்படியே சுருட்டிக் கொண்டையாகச் செருகினவள்தான், அதற்குப் பிறகு நான் தொடவே இல்லை. அவள் பையிலிருந்து சின்ன பாட்டிலில் தேங்காயெண்ணெயும் ஒரு சீப்பும் எடுத்தாள். சிக்கெடுக்கத் தெரிந்த கை அது. இடது கையால் வேர்ப்பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியை முதலில் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறினாள். ஒரு முடி வலிக்கவில்லை. வார்டில் படுக்கையோடு கிடக்கிற எத்தனையோ பெண்களுக்கு நான் அப்படி வாரிவிட்டிருக்கிறேன். எனக்கு ஒருத்தர் வாரிவிட்டது என் அம்மா உயிரோடு இருந்தபோதுதான். படியில் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். ஒதுங்கி வழிவிடுகிற நேரம் மட்டும் சீப்பு நின்றது.

பாதி வாரியபோது சொன்னாள்: "எங்கக்காவுக்குக் கடைசியில வாரிவிட முடியே இல்லீங்க. மருந்துல எல்லாம் கொட்டிப்போச்சு."

நான் ஒன்றும் பேசவில்லை. அவளும் அதற்கு மேல் பேசவில்லை. எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, இறுக்கிப் பின்னி, தன் மணிக்கட்டில் கிடந்த ரப்பர் பேண்டைக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

பிறகு எழுந்து நின்று, டியூட்டி மாறும்போது நர்ஸ்கள் ஒப்படைப்பது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "மாமாவுக்குப் பால் ஆகாது. குடுத்தா ஒண்ணும் சொல்லாம குடிச்சிருவாரு, அப்பறம் வயிறு உப்பிக்கும். மோரு குடுங்க. எடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தாத்தான் தூக்கம் வரும், டாக்டரு விட்டா அப்பிடிப் படுக்க வெய்யுங்க. அப்பறம்... அவுரு பயந்துட்டா தூக்கத்துல வாய்ப்பாடு சொல்லுவாரு, பதினேழாம் வாய்ப்பாடு. புத்தி பெரண்டுபோச்சுன்னு நீங்க பயந்துறாதீங்க. அக்காவுக்கு மொதப் பிரசவத்தப்ப வெளிய உக்காந்து அதத்தான் சொல்லிட்டிருந்தாரு."

எனக்கு அது தெரியாது. பால் ஆகாது என்பதுகூடத் தெரியாது. மலையில் காலையும் மாலையும் நான் காய்ச்சிக் கொடுத்த பாலை மறுக்காமல் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவருக்கு நினைவு திரும்பியபோது வாய் முணுமுணுத்தது. நர்ஸ் பிள்ளை குனிந்து கேட்டுவிட்டு, ஏதோ உளறுகிறார் என்று டாக்டரைக் கூப்பிட ஓடினாள். நான் காதை வைத்தேன். "ஆறு பதினேழு நூத்தி ரெண்டு. ஏழு பதினேழு நூத்திப் பத்தொம்போது." ஒரு எண்ணும் தப்பவில்லை. அந்தக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழுததைப் பார்த்து அந்த வார்டே பயந்துபோனது. அவள் வந்து சொல்லியிருக்காவிட்டால், அதே வார்த்தைகளைக் கேட்டு நான் நொறுங்கிப்போயிருப்பேன்.

முதுமையில் கலியாணம் பண்ணினவர்களுக்கு இது புரியும். என் புருஷனின் நாற்பது வருஷம் என்னிடம் இல்லை. அது அவர் பிள்ளைகளிடமும், கொழுந்தியாவிடமும், மண்ணுக்குள் போய்விட்ட ஒரு அம்மாவிடமும் இருக்கிறது. அவர்களாக மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. நான் உரிமையோடு போய்க் கேட்க முடியாது. அவள் அதைத் தன்னோடே வைத்துக்கொண்டிருக்கலாம்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கொண்டுவந்து கொடுத்தாள்.

சாராளை அடக்கம்பண்ணின பிறகு ஆபிரகாம் கேத்தூராளை விவாகம் பண்ணினதாக ஆதியாகமம் 25ல் வாசிக்கிறோம். அவளைப் பற்றி வேதம் அதிகம் சொல்லவில்லை. அந்தக் கூடாரத்தில் சாராளின் பாத்திரங்களை அவள் எப்படிக் கையாண்டாள், ஈசாக்கு அவளிடம் பேசினானா, சாராளை வைத்திருந்த மக்பேலா குகைப் பக்கம் ஆபிரகாம் போனால் அவளும் கூடப் போனாளா என்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நிறைய யோசித்தேன். அவளுக்கும் ஒரு கொழுந்தியா சீப்போடு வந்திருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். இனியும் மலை எதற்கு? அன்பினால்தான் கேட்கிறீர்கள். இதே கேள்வியை நம் பக்கத்து மலையில் ஒரு அம்மாவிடமும் கேட்டிருக்கிறார்கள். அது கொல்லிமலை, இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலேய மிஷனெரி எவெலின் பிராண்ட் அம்மா 1913ல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து அந்த மலையில் குடியேறினார். 1929ல் கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். எழுபதை நெருங்கும்போது மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் தன் சொந்தப் பொறுப்பில் மலைக்கே திரும்பிப்போனார். கொல்லிமலையோடு நிற்கவில்லை, கல்ராயன், பச்சைமலை, சித்தேரி என்று ஏறினார். கால் தளர்ந்த பிறகு இரண்டு மூங்கில் கம்பை ஊன்றி நடந்தார், மட்டக்குதிரையில் போனார். 1974ல் 95 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்து, கொல்லிமலையிலேயே கணவர் பக்கத்தில் அடக்கமானார். வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கின விரல்களை நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் அவர் பெற்ற பிள்ளை. கலியாணமான கையோடு வாத்தியார் என்னைக் கூட்டிக்கொண்டு போன முதல் இடம் அந்தக் கல்லறைதான்.

அங்கே நின்றபோது எனக்குத் தோன்றினது வேறு. கணவர் போன பிறகு நாற்பத்தைந்து வருஷம் அந்த அம்மா தனியாக மலையேறியிருக்கிறார். எங்களுக்கு இந்த வயதில் பக்கத்தில் நடக்க ஆள் கிடைத்திருக்கிறது. ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் தம்பதியின் பெயர் வேதத்தில் வருகிற இடமெல்லாம் இரண்டு பேருமாகவே வருகிறது. கூடாரம் தைத்ததும் சேர்ந்து, அப்பொல்லோ என்ற பிரசங்கிக்குச் சொல்லிக்கொடுத்ததும் சேர்ந்து. நாங்கள் செய்கிறது பெரிய காரியம் இல்லை. அவர் சாயந்திரம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். நான் பி.பி. பார்க்கிறேன், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன், மாசமான பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஜெபிக்கச் சொல்லிக் கேட்கிற வீட்டில் உட்கார்ந்து ஜெபிக்கிறோம். நாங்கள் இல்லாத இந்த நாட்களில் ஊர்ப் பெண்கள் எங்கள் வீட்டைக் கூட்டி, கோழிகளுக்குத் தீனி போட்டு, கொடியில் கிடந்த துணிகளை மடித்து வைத்திருக்கிறார்களாம். அதை விட்டுவிட்டு எங்கே போவது?

ஆகவே போவோம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, காப்பிப் பழம் பறிக்கிற நாட்களில். வீட்டை மட்டும் தார் ரோட்டுக்குப் பக்கத்தில் மாற்றிக்கொள்கிறோம். இது மகனுக்குக் கொடுத்த வாக்கு. கர்த்தருக்கு முன்பாக நான் பண்ணின பொருத்தனை ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிக்கு எந்தப் பெண்ணோடு நான் போனாலும், உள்ளே படுத்திருக்கிறவளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டேன். வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிற அவளுடைய அம்மாவோ மாமியாரோ சாப்பிட்டார்களா என்று கேட்பேன், தலையைத் தொடுவேன். என் பையில் பி.பி. கருவியோடு எண்ணெய்ப் பாட்டிலும் சீப்பும் இனி எப்போதும் இருக்கும்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கினதும் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைக்க ஆயர் ஐயா சம்மதித்திருக்கிறார். தேதியை ஞாயிறு அறிவிப்பில் சொல்வார். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து வேன் ஏற்பாடு செய்கிறோம், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். மதியச் சாப்பாடு ஆத்தூர்க்காரியின் பொறுப்பு. அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். இரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளே, உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது, முகம்கூட நான் பார்க்கவில்லை. இதை வாசித்தால் தயவுசெய்து நீங்களும் வாருங்கள். வந்து, நான்தான் கொடுத்தேன் என்று வாத்தியாரிடம் நேரில் சொல்லுங்கள். அவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
வாத்தியாருக்காகவும் சேர்த்து,
உங்கள் சிஸ்டரம்மா
சேலம்