நகலுக்கு மாலை, அசலுக்குப் பட்டை நாமம்

கிராமி விருதுகளுக்கு வாக்களிக்கும் ரெக்கார்டிங் அகாடமி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1989 கதையை நான் மறுபடி கிளறப் போவதில்லை. முரட்டு கிட்டார் இசையான ஹார்ட் ராக்குக்கும், அதைவிடக் கனமான மெட்டலுக்கும் சேர்த்து முதன்முதலாக ஒரு விருது வைத்தீர்கள். அன்று மேடையில் வாசித்த மெட்டல் குழு மெட்டாலிகாவை விட்டுவிட்டு, புல்லாங்குழலுக்குப் பேர்போன ஜெத்ரோ டல் குழுவுக்கு அதைக் கொடுத்தீர்கள். அவர்களோ அரங்கத்துக்கே வரவில்லை. ஊரே சிரித்துத் தீர்த்த கதை, போகட்டும்.

என் மனத்தாங்கல் வேறு. 2005-இல் மோட்டர்ஹெட் குழுவுக்கு விருது கொடுத்தீர்கள். சந்தோஷம்தான். ஆனால் எந்தப் பாட்டுக்கு? மெட்டாலிகா 1983-இல் வெளியிட்ட 'விப்லாஷ்' பாட்டை அவர்கள் திரும்பப் பாடியதற்கு. மோட்டர்ஹெட் வாங்கிய ஒரே கிராமி அதுதான். சிஷ்யன் எழுதியதை ஒப்பித்ததற்காகக் குருவுக்குப் பரிசு! யார் குரு என்பதில் மெட்டாலிகாவுக்கே சந்தேகம் கிடையாது. 1995-இல் மோட்டர்ஹெட்டின் பாடகர் லெம்மியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவரைப் போலவே வேஷம் கட்டிக்கொண்டு, 'தி லெம்மிஸ்' என்று பெயர் வைத்து, அவருடைய பாட்டுகளையே வாசித்தார்கள்.

1979-இல் வந்த மோட்டர்ஹெட்டின் 'ஓவர்கில்' பாட்டை ஒருமுறை ஹெட்போனில் கேளுங்கள். முதலில் காதில் விழுவது கிட்டார் இல்லை, டிரம்மர் ஃபில் டெய்லரின் இரண்டு கால்கள். காலால் மிதித்து அடிக்கும் இரண்டு பேஸ் டிரம், நிற்காத உருட்டல். அதன் மேல் லெம்மியின் பேஸ் கிட்டார் வந்து ஏறும். பேஸ் மாதிரியே இருக்காது. ரிதம் கிட்டார் போலக் கரகரவென்று, பல தந்திகளைச் சேர்த்து கார்டுகளாக அடிப்பார். ஐந்து நிமிடப் பாட்டில் இரண்டு தடவை 'சரி, முடிந்தது' என்று நினைப்போம். இரண்டு தடவையும் அந்தக் கால்கள் மறுபடி கிளம்பும். சில வருடம் கழித்து அமெரிக்காவில் த்ராஷ் என்ற அதிவேக மெட்டலாகச் சீறிய வண்டியின் இன்ஜின் பாதி இங்கேதான் இருக்கிறது.

ஒரு தடவை நடந்த பிசகு என்றால் விட்டுவிடலாம். 1991-இல் மெட்டாலிகாவுக்குக் கொடுத்தது, குயின் குழு 1974-இலேயே பாடிவிட்ட 'ஸ்டோன் கோல்ட் கிரேஸி'க்கு. ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் 1977 பாட்டு ஒன்று, மேடைப் பதிவாக வந்த பிறகு, 2010-இல்தான் உங்கள் காதில் விழுந்தது. 2015-இல் மெட்டல் பாடகர் டியோவின் பாட்டுக்கு விருது. வாங்கியது நகைச்சுவை நடிகர் ஜாக் பிளாக்கின் குழு. டியோ இறந்து ஐந்து வருடம் ஆகப்போகிற நேரம் அது.

மெட்டலின் வேர் என்று சொல்லப்படும் பிளாக் சப்பாத் குழுவுக்கு 2019-இல் வாழ்நாள் சாதனை விருது கொடுத்ததை மறைக்கவில்லை. ஆனால் சப்பாத்துக்கு அப்புறம் மரம் எத்தனை கிளை விட்டது! இங்கிலாந்தில் நியூகாசிலின் வெனம் குழு 1982-இல் தன் இரண்டாவது ஆல்பத்துக்கு 'பிளாக் மெட்டல்' என்று பெயர் வைத்தது. ஒலிப்பதிவு கரடுமுரடுதான், வாசிப்பும் அங்கங்கே தடுமாறும். இருந்தாலும் பின்னால் நார்வேயில் வளர்ந்த ஒரு வகைக்கே அந்தப் பெயர்தான் நிலைத்தது. கலிபோர்னியாவின் பொசெஸ்ட் குழு, பள்ளிப் பையன்களையும் வைத்துக்கொண்டு 1985-இல் பதிவு செய்த ஆல்பத்தில், பின்னால் இன்னொரு கிளைக்குப் பெயரான 'டெத் மெட்டல்' என்றே ஒரு பாட்டு இருக்கிறது. ஃப்ளோரிடாவின் சக் ஷுல்டினர், டெத் குழுவின் முதல் ஆல்பமான 'ஸ்க்ரீம் பிளடி கோர்' வெளிவந்த 1987-இல் இருபது வயதுக்காரர். பாடல், கிட்டார், பேஸ் எல்லாம் அவரே. மூளைக் கட்டி வந்தபோது சிகிச்சைச் செலவுக்கு மற்ற இசைக்காரர்களும் ரசிகர்களும் நிதி திரட்டினார்கள். 2001-இல், 34 வயதில் போய்விட்டார்.

கிளைக்கு ஒரு விருது கேட்கவில்லை. பழைய பதிவுகளைக் கௌரவிக்கும் உங்கள் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு பதிவு வெளிவந்து 25 வருடம் ஆகியிருந்தால் போதும் அல்லவா? ஓவர்கில், பிளாக் மெட்டல், ஸ்க்ரீம் பிளடி கோர் மூன்றும் அந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டன. அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அடுத்த முறை வாக்குச்சீட்டில் கவர் பாட்டு, அதாவது அடுத்தவர் பாட்டைத் திரும்பப் பாடியது, வந்தால், முதலில் பாடியவரின் பதிவையும் கேட்டுவிட்டு டிக் செய்யுங்கள்.

ஓவர்கில்லை வாசித்த மூவரும் இன்று உயிரோடு இல்லை. சக்கும் இல்லை. மேடையேறி வாங்க ஆள் இல்லையே என்று யோசிக்காதீர்கள். ஜெத்ரோ டல்லும்தான் வரவில்லை.

இப்படிக்கு,
கேசட் காலத்திலிருந்து மெட்டல் கேட்கும் ஒருவன்